வாசகர் கேள்வி பதில்: வாசலின் மேல் ஒரு கோபுரம்

(வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஸ்வேல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் ரிச்மண்ட். அங்குள்ள நார்மன் காலக் கோட்டையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

லண்டனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். ரிச்மண்டுக்கு ரயிலில் அரை மணி நேரம் என்று போன் காட்டுகிறது. மதியம் கிளம்பினால் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?
— வாசகி, திருச்சி

அந்த ரயிலில் ஏறாதீர்கள். அது லண்டனின் தென்மேற்கே தேம்ஸ் கரையில் உள்ள ரிச்மண்டுக்குப் போகிறது. அங்கே பூங்கா உண்டு, மான் உண்டு, நீங்கள் தேடும் கோட்டை கிடையாது. பெயரில் மூத்தது யார்க்‌ஷயர் ஊர்தான். ஷீன் என்ற இடத்தில் இருந்த அரண்மனை 1497இல் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டிய ஏழாம் ஹென்றி, அரசராவதற்கு முன் தனக்கிருந்த ரிச்மண்ட் பிரபு என்ற பட்டத்தையே புது அரண்மனைக்குச் சூட்டினார். லண்டன் ரிச்மண்டின் பெயர் அப்படி வந்தது. இந்தக் குழப்பத்தால் தவறான டிக்கெட் எடுத்தவர்கள் ஏராளம்.

யார்க்‌ஷயர் ரிச்மண்டில் இன்று ரயில் நிலையமே இல்லை. பாதை 1969இல் மூடப்பட்டது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து டார்லிங்டனுக்கு டிக்கெட் எடுங்கள். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். டார்லிங்டன் நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரிச்மண்டுக்குப் பஸ் கிடைக்கும். எக்ஸ்26, எக்ஸ்27 என்ற எண்களைப் பாருங்கள். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. ஆகவே போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் சுமார் ஏழு மணி நேரம் பயணத்திலேயே கழியும். யார்க் நகரில் ஓர் இரவு தங்கினால் காரியம் சுலபம். அங்கிருந்து டார்லிங்டன் அரை மணி நேரம்தான். ரயில் டிக்கெட்டில் ஓர் எச்சரிக்கை: ‘அட்வான்ஸ்’ வகை மலிவு, ஆனால் அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். நீங்களாகத் தாமதித்து அந்த ரயிலை விட்டால் புது டிக்கெட்தான். பஸ்ஸை நம்பித் திரும்புகிறவர்கள் மாலை ரயிலுக்கு அட்வான்ஸ் எடுத்தால், இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் போகிறோம். உள்ளே நுழைந்ததும் எதைப் பார்ப்பது? ‘நார்மன்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
— வாசகர், மதுரை

எல்லோரும் செய்யும் தவறு, நுழைந்ததும் பெரிய கோபுரத்தில் ஏறிவிடுவது. முப்பது மீட்டருக்கு மேல் உயரம், கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கோட்டையின் அரிய பகுதி அது இல்லை. கோபுரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள மதிலும் கூடமும் அதற்குச் சுமார் நூறு ஆண்டு மூத்தவை.

கோட்டையைத் தொடங்கியவர் ஆலன் ரூஃபஸ், அதாவது செம்பட்டை ஆலன். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டிக் கோமகன் வில்லியமின் ஆள். (நார்மண்டி வட பிரான்ஸில் உள்ள பகுதி; அங்கிருந்து வந்தவர்களே நார்மன்கள்.) 1071 வாக்கில், கிளர்ச்சி செய்த எட்வின் பிரபுவின் நிலங்கள் இவர் கைக்கு வந்தன. சரியாகச் சொன்னால் ஆலன் நார்மண்டிக்காரரே அல்ல, பக்கத்துப் பிரிட்டனியைச் சேர்ந்தவர். கட்டிய முறை மட்டும் நார்மன். அந்தக் காலத்தில் நார்மன்கள் பெரும்பாலும் மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் மரக்கோட்டை எழுப்பினார்கள்; கல் பிறகுதான் வந்தது. ரிச்மண்டில் அடியிலேயே பாறை. வெட்டிக் குவிக்க மண் இல்லை, உடைத்து அடுக்கக் கல் தாராளம். தொடக்கத்திலேயே கல்லில் கட்டியதால்தான் 11ஆம் நூற்றாண்டுச் சுவர் இவ்வளவு நீளத்துக்கு இங்கே மிஞ்சியிருக்கிறது.

இனி நடக்கும் வரிசை. முற்றத்துக்குள் வந்ததும் நேராகப் புல்வெளியின் நடுவுக்குப் போய்த் திரும்பி நில்லுங்கள். கோட்டை முக்கோண வடிவம் என்பது அப்போது புரியும். இரண்டு பக்கம் மதில். மூன்றாவது பக்கம், தெற்கே, ஆற்றை நோக்கி இறங்கும் செங்குத்துச் சரிவு.

இப்போது கோபுரத்தின் அடியைப் பாருங்கள். முற்றத்தை நோக்கி ஓர் அகன்ற அரைவட்ட வளைவு தெரியும். முப்பது மீட்டர் கோபுரத்துக்கு, பகைவன் நேரே நடந்து நுழைகிற மாதிரி தரைத்தளத்தில் ஒரு வாசலா? இந்தச் சந்தேகம் வந்தால் கோட்டையைப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். அந்த வளைவு கோபுரத்தின் வாசல் அல்ல. அது ஆலன் காலத்துக் கோட்டைவாசல். ஆலனின் குடும்பத்தில் பின்னால் வந்த பிரிட்டனியின் கோமகன் கோனன் (இறப்பு 1171) காலத்தில், பழைய வாசலை இடித்துத் தள்ளாமல் அதன் மேலேயே கோபுரத்தை எழுப்பினார்கள். போக்குவரத்துக்குப் பக்கத்தில் வேறு வழி திறந்தார்கள். கோபுரத்தின் உண்மையான நுழைவு முதல் தளத்தில் இருந்தது.

வளைவுக்குக் கீழே போய் அதைத் தாங்கும் தூண்களின் தலைப்பகுதியை நிமிர்ந்து பாருங்கள். இலை சுருண்டது போன்ற செதுக்கல் தேய்ந்துபோய் நிற்கிறது. பிறகு பத்தடி பின்வாங்கி, வளைவுக்கு மேலுள்ள கல்லையும் இருபுறத்து மதிலின் கல்லையும் ஒப்பிடுங்கள். மதிலில் கரடுமுரடான கல், கோபுரத்தில் சதுரமாகச் செதுக்கி ஒட்டிய கல். இரண்டு தலைமுறைக் கொத்தர்களின் கைவேலை ஒரே பார்வையில் அகப்படும் இடம் இது. இதற்கு ஐந்து நிமிடம் செலவழிக்காதவர்கள் மேலே ஏறிக் காற்றுதான் வாங்க முடியும்.

நார்மன் அடையாளங்கள் என்று கேட்டிருந்தீர்கள். வளைவு அரைவட்டமாக இருக்கும். கூர்முனை வளைவு பிந்தையது. சுவர் மிகத் தடிமன். இங்கே கோபுரச் சுவர் சில இடங்களில் மூன்று மீட்டரைத் தாண்டுகிறது. வெளிமுகத்தில் தட்டையான பட்டைகள் சுவரோடு ஒட்டி மேலேறும். பழைய மதிலில் சில இடங்களில் தட்டைக் கற்களைச் சாய்த்து, ஒரு வரிசை இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மீன்முள் போல அடுக்கியிருப்பார்கள். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அது தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் தெரியாது.

அடுத்து கிழக்கு மதிலோரம் ராபின் ஹுட் கோபுரம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ராபின் ஹுட்டுக்கு இங்கே வேலை இல்லை. தரைத்தளத்தில் புனித நிக்கோலஸ் சிற்றாலயம் இருக்கிறது, அறை என்று சொல்லுமளவுக்குச் சிறியது. சுவரோரம் வரிசையாகக் குட்டி அரைவட்ட வளைவுகள். கண் இருட்டுக்குப் பழகும் வரை அரை நிமிடம் நில்லுங்கள்.

தென்கிழக்கு மூலையில் ஸ்கோலண்ட் கூடம். பிரபுவின் நிர்வாகி ஒருவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பிரபு விருந்து வைத்ததும் வழக்கு கேட்டதும் மாடியில்; கீழ்த்தளம் பண்டசாலை. கூரையும் மாடித் தளமும் போய்விட்டன. புதிதாக வருகிறவர்கள் கீழே நின்றுகொண்டு ‘இவ்வளவுதானா?’ என்று திரும்புகிறார்கள். சுவரில் வரிசையாக உள்ள சதுரக் குழிகளைத் தேடுங்கள். உத்திரங்கள் செருகிய துளைகள் அவை. அந்த மட்டத்தில் மனதுக்குள் ஒரு பலகைத் தளத்தைப் போட்டால், மேலே உள்ள இரட்டை ஜன்னல்கள் சரியான உயரத்துக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் இத்தனை பழைய கூடம் இந்த அளவுக்கு நிற்பது அபூர்வம்.

இத்தனையும் முடித்துக் கடைசியில் கோபுரத்தில் ஏறுங்கள்.

கூடத்தின் பக்கத்தில் ‘தங்கக் குழிக் கோபுரம்’ என்று வரைபடத்தில் பார்த்தேன். புதையல் ஏதும் கிடைத்ததா?
— வாசகர், சிவகாசி

அது கழிப்பறைக் கோபுரம். கூடத்திலிருந்து வருவது கீழே உள்ள குழியில் விழும். பெயர் வைத்தவர் குறும்புக்காரர்.

எனக்கு 68 வயது, முழங்கால் கொஞ்சம் தகராறு. கோபுரத்தில் ஏறலாமா? புடவையில் சிரமமா?
— வாசகி, கோயம்புத்தூர்

முதல் தளத்திலிருந்து மேலே போகும் படிகள் சுவரின் தடிமனுக்குள்ளேயே நேராக ஏறுகின்றன. சுழல்படி போலத் தலை சுற்றாது. ஆனால் படிகள் குறுகலாகவும் தேய்ந்தும் இருக்கும், வெளிச்சமும் குறைவு. எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. மேலே குரல் கேட்டால் தளத்திலேயே காத்திருந்து அவர்களை இறங்கவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். தளத்துக்குத் தளம் நின்று போங்கள். முதல் தளத்தோடு திரும்பினாலும் நஷ்டமில்லை, அறையின் அளவையும் சுவரின் கனத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். முற்றம் பெரும்பாலும் சமமான புல்தரை, அங்கே கவலை இல்லை.

புடவை தடையில்லை. கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தால் மறு கையால் கைப்பிடிக் கயிறையோ சுவரையோ பற்ற வேண்டியிருக்கும், ஆகவே கைப்பையைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் காற்று பலமாக வீசும். முந்தானையைச் செருகி, மேலே ஜிப் வைத்த ஜாக்கெட் போட்டால் போதும். குடை அங்கே உதவாது. செருப்பு வேண்டாம், மழை பெய்த கல்லில் வழுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூதான் சரி. குழந்தைவண்டியும் மேலே ஏறாது. கோட்டைக்கு வெளியே சந்தைத் திடல் முழுக்க உருளைக்கல் பாவியது, வண்டி சக்கரம் படாத பாடு படும். கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொள்வதே மேல்.

இங்கே பெரிய போர் ஏதாவது நடந்ததா?
— வாசகர், யாழ்ப்பாணம்

சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு மிஞ்சியது. பெரிய செய்தி என்றால் ஒரு கைதி: 1174இல் ஆல்னிக் அருகே பிடிபட்ட ஸ்காட்லாந்து அரசர் சிங்க வில்லியமை இங்கே அடைத்துவைத்து, பிறகு நார்மண்டியின் ஃபலேஸுக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் உலகப் போர்க் காலக் கைதிகளின் சுவரெழுத்துகள் கோட்டையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பார்க்க முடியுமா?
— வாசகர், சென்னை

இருக்கின்றன. ஆனால் அதை மட்டும் நம்பிப் பயணம் வைக்காதீர்கள். அவை இருப்பது, 19ஆம் நூற்றாண்டில் கோட்டை படைமுகாமாக இருந்தபோது கட்டிய எட்டுச் சிறைக்கூடங்களில். சுண்ணாம்பு பூசிய சுவரில் பென்சில் எழுத்து. ஈரம் இறங்கினால் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது, அதோடு எழுத்தும் போகிறது. ஆள் நுழைந்தால் ஈரப்பதம் கூடும் என்பதால் பொதுவாக மூடியே வைத்திருக்கிறார்கள். கண்காட்சி அறையில் விவரம் உண்டு.

1916இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது, மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்து இங்கே அடைபட்டவர்களில் 16 பேரை மே மாதக் கடைசியில் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். போர்முனையில் உத்தரவை மீறினால் சுட்டுக்கொல்லலாம் என்பது விதி. அவர்களில் பெர்ட் ப்ரோக்கல்ஸ்பி என்ற பள்ளி ஆசிரியர், தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை வீட்டுக்குச் சொன்ன விதம் கெட்டிக்காரத்தனமானது. வீரர்களுக்குக் கொடுத்த அஞ்சலட்டையில் அச்சிட்ட வரிகளில் வேண்டாததை அடிக்கலாம், எதையும் எழுதக் கூடாது. அவர் வரிகளுக்குள் எழுத்துகளை அடித்து, ஒரு வரியில் ‘அனுப்பப்படுகிறேன்’ என்பதையும், மற்றச் சொற்களில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தால் ‘பூலோங்’ என்று வரும்படியும் விட்டுவைத்தார். பிரான்ஸின் பூலோன் துறைமுகம் என்று வீட்டார் புரிந்துகொண்டார்கள். ஜூனில் 16 பேருக்கும் மரண தண்டனை வாசித்து, அதே மூச்சில் பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். மதிலை ஒட்டிய காக்பிட் தோட்டத்தில் இவர்கள் நினைவாக 16 யூ மரங்களைக் கத்தரித்து வளர்க்கிறார்கள். பலர் அதைச் சும்மா பூங்கா என்று கடந்துபோகிறார்கள். எண்ணிப் பாருங்கள்.

டிக்கெட், பார்வை நேரம், போக ஏற்ற மாதம்?
— வாசகி, புதுச்சேரி

கோட்டை ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அந்த அமைப்பின் வேறு இடங்களையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டுப் பயணிகளுக்கான 9 நாள் அல்லது 16 நாள் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கோட்டை மட்டும்தான் என்றால் தனி டிக்கெட்டே லாபம். குளிர்காலத்தில் பெரும்பாலும் சனி, ஞாயிறு மட்டுமே திறப்பார்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மே முதல் செப்டம்பர் வரை நல்லது. கிளம்பும் முன் அவர்களின் இணையதளத்தில் அன்றைய நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காரில் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள். அன்று சந்தைத் திடலில் கடைகள் போடுவார்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மற்ற நாளிலும் அங்கே அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள். நன்ஸ் குளோஸ் நிறுத்துமிடத்தில் விட்டு நடங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அதே சனிக்கிழமைதான் கலகலப்பு. அந்தத் திடலே முன்பு கோட்டையின் வெளிமுற்றமாக இருந்த இடம்.

கோட்டைக்குப் பின் அரை நாள் மிச்சமிருக்கும். பேரக்குழந்தைகளை வேறெங்கே கூட்டிப்போகலாம்?
— வாசகர், தஞ்சாவூர்

முதலில் கோட்டையின் வெளிப்புறத்தைச் சுற்றும் கேஸில் வாக் பாதை. இருபது நிமிடம், கட்டணமில்லை. ஆற்றுக்கு மேல் மதில் எப்படி நிற்கிறது என்பது இங்கிருந்துதான் தெரியும். கோபுரமும் பாலமும் சேர்ந்த படம் வேண்டுமானால் கீழே 1789இல் கட்டிய கிரீன் பாலத்துக்கு இறங்குங்கள்.

பிறகு ஆற்றோரமாக ஈஸ்பி மடாலயத்துக்கு ஒரு மைல் நடை. 1152இல் தொடங்கிய மடம், இப்போது இடிபாடு, நுழைவு இலவசம். பக்கத்திலுள்ள புனித அகதா தேவாலயத்துக்குள் 13ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கதவு சாத்தியிருந்தால் தள்ளிப் பாருங்கள், பூட்டு என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். வழியில் பேரக்குழந்தைகளுக்கு ஒரு கதை: கோட்டையிலிருந்து ஈஸ்பிக்குச் சுரங்கம் உண்டா என்று பார்க்க, சிப்பாய்கள் ஒரு மேளக்காரச் சிறுவனை உள்ளே அனுப்பினார்களாம். அவன் கொட்டும் ஓசையைத் தொடர்ந்து மேலே நடந்தார்களாம். ஓரிடத்தில் ஓசை நின்றுபோனது. அந்த இடம் என்று ஒரு கல்லும் நட்டுவைத்திருக்கிறார்கள்.

வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மடாலயத்தைத் தாண்டிப் பழைய ரயில் பாலத்தில் ஆற்றைக் கடந்தால், தண்டவாளம் இருந்த தடத்திலேயே நடந்து பழைய ரிச்மண்ட் ரயில் நிலையத்துக்கு வந்துசேரலாம். 1846இல் கட்டிய அந்த நிலையத்தில் இப்போது சினிமாவும் உணவகமும் நடக்கின்றன. அங்கிருந்து சந்தைத் திடலுக்கு மேடேற வேண்டும், குழந்தைகளோடு கால் மணி நேரம் ஆகும். கடைசி பஸ்ஸுக்கு அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.