சில்லென்று வியர்த்த நெற்றி

கேள்வி: 'உலகின் தலைசிறந்த கிதார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது?' என்று கேட்டபோது, 'எனக்கென்ன தெரியும், ரோரி கலஹரிடம் கேளுங்கள்' என்றாராம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். ஒரு கிதார் கலைஞருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: உண்டு. அதற்கு முன் உங்கள் கதை. அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸ் இதே பதிலை டெரி காத் என்ற கிதார் கலைஞரைப் பற்றிச் சொன்னதாக ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். ஃபில் கெகி என்ற இன்னொரு கிதார் கலைஞரைப் பற்றி என்று மற்றொரு கூட்டம். அப்படி நடந்திருக்கவே முடியாது என்று கெகியே மறுத்துவிட்டார். அயர்லாந்துக்காரரான கலஹரின் பெருமை இந்தக் கதையை நம்பி இல்லை, விடுங்கள்.

என்னை உறுத்துவது 'தலைசிறந்த' என்ற சொல். அதோடு எனக்கு நெடுநாள் பகை. எங்களுக்கு வரும் கச்சேரி விமர்சனங்களில் 'தலைசிறந்த', 'ஈடு இணையற்ற', 'தெய்வீக' மூன்றையும் அடித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். அடித்த பிறகு சில கட்டுரைகளில் பாடகர் பெயரும் சபா பெயரும்தான் மிஞ்சுகின்றன. இதனால் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. இன்றும் அடிக்கிறேன்.

தலையை விட்டு நெற்றிக்கு வருவோம். 1958இல் பதினேழு வயது ஜான் வில்லியம்ஸ் லண்டன் விக்மோர் ஹாலில் அரங்கேறியபோது, ஸ்பெயினின் கிளாசிகல் கிதார் மேதை செகோவியா எழுதினார்: கிதாரின் இளவரசன் வந்துவிட்டான், கடவுள் இவன் நெற்றியில் விரல் வைத்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் வாசித்தபோது செகோவியாவுக்கு என்ன ஆயிற்று? அது அதில் இல்லை. கடவுளைக் கூப்பிட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அமெரிக்க ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் ஒதுங்கவில்லை. இங்கிலாந்தின் கிதார் கலைஞர் பீட்டர் கிரீனைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: நான் கேட்டதிலேயே இனிமையான நாதம் அவருடையது, எனக்குச் சில்லென்று வியர்க்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

யார் சொல்கிறார் பாருங்கள். மிசிசிப்பியில் பருத்தி பறித்தும் டிராக்டர் ஓட்டியும் வளர்ந்தவர். வெயில் வியர்வை எப்படி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதனால் இது வேறு வியர்வை என்று அவருக்குத் தெரிந்தது. காதலர் முதலில் எதிர்ப்படும்போது உடலில் தெரியும் குறிகளை அடுக்கும் தொல்காப்பியரும் 'பொறிநுதல் வியர்த்தல்', அதாவது நெற்றி வியர்ப்பது என்றுதான் சொல்கிறார். மனசு ஒப்புக்கொள்ளும் முன்பே நெற்றி ஒப்புக்கொள்கிறது. 'பிரமாதம்' என்று யாரும் பொய்யாகச் சொல்லலாம். பொய்யாக வியர்க்க முடியாது. உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை இசை விமர்சகர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

கிரீனின் கதையையும் கேளுங்கள். எரிக் கிளாப்டன் என்ற கிதார் கலைஞரை வியந்து அறுபதுகளில் லண்டன் சுவரில் 'கிளாப்டன்தான் கடவுள்' என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கடவுள் 1966இல் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவை விட்டுப் போனார். காலியான இடத்தில் வந்து நின்ற பையன்தான் கிரீன், இருபது வயது நிரம்பவில்லை. ஒலிப்பதிவுக்குக் கிளாப்டன் வராததைப் பார்த்துத் திகைத்த தயாரிப்பாளரிடம், இன்னும் இரண்டொரு வருடத்தில் இவன்தான் எல்லோரையும் மிஞ்சுவான் என்று மேயால் தைரியம் சொன்னார். அடுத்த வருடமே கிரீன் ஃப்ளீட்வுட் மேக் என்ற தன் குழுவைத் தொடங்கினார்.

அவர் கையிலிருந்தது 1959ஆம் வருடத்து லெஸ் பால் வகை மின்சாரக் கிதார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதில் இரண்டு. கழுத்துப் பக்கம் இருந்ததில் காந்தம் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் ஒலியை மற்றது பாதி விழுங்கிவிடும். கனமெல்லாம் வடிந்து, மூக்கடைத்தவர் தனக்குள் பாடிக்கொள்வதுபோல ஒரு மெல்லிய குரல் மிஞ்சும். வேறொருவர் பழுது என்று கடைக்கு எடுத்துப் போயிருப்பார். கிரீன் அதை வைத்து ஒரு ஸ்வரம் வாசித்துவிட்டு, அடுத்ததற்கு முன் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் எனக்கும் நெற்றி நனையும்.

1970இல் அவர் குழுவை விட்டு விலகினார். அந்தக் கிதார் கேரி மூர் என்ற கிதார் கலைஞரிடம் போயிற்று. இப்போது மெட்டாலிகா என்ற ராக் குழுவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. பெட்டியில் பூட்டி வைக்காமல் மேடையில் வாசிக்கிறார்.