போனுக்கு எதற்கு இரண்டு முகவரி?

கேள்வி: போன் செட்டிங்ஸில் ஐபி முகவரி, மேக் முகவரி என்று இரண்டு காட்டுகிறது, ஏன்? என் போனிலும் தம்பி போனிலும் ஐபி 192.168 என்றே தொடங்குகிறதே, சரியா?
— வாசகி, ஹட்டன்

பதில்: சரிதான். மேக் முகவரி வைஃபை சிப்போடு தொழிற்சாலையிலிருந்தே வருவது, 48 பிட் நீளம். இப்போதைய போன்கள் தனியுரிமைக்காக அதை மறைத்து வேறொன்றைக் காட்டுவதும் உண்டு. ஐபி முகவரி நீங்கள் இணையும் வலையமைப்பு தருவது, நுவரெலியாவுக்குப் போய் வேறு வைஃபையில் இணைந்தால் பெரும்பாலும் மாறிவிடும். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள், உலகத்துக்குப் போதாது, அதனால் 192.168 வரிசையை வீட்டுக்குள் மட்டும் பாவிக்க ஒதுக்கிவிட்டு வெளியே வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைக் காட்டுகிறார்கள். பல தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடிதமெல்லாம் தோட்ட அலுவலக முகவரிக்கே வருகிற மாதிரி. ஆனால் ரவுட்டர் (வீட்டில் வைஃபை தரும் பெட்டி) எது யாருக்கு என்று அட்டவணை வைத்து அந்தக் கணமே பிரித்துக் கொடுக்கும். லயத்திலோ நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்தால் பிள்ளையின் வேலையே போய்விடும், வீட்டுக்கொரு முகவரி கேட்பது முழுக்க நியாயம். அப்புறம், எண்ணும் எழுத்தும் கலந்து மிக நீளமாக இன்னொன்று தெரிந்தால் அது புதிய முறையான 128 பிட் ஐபிவி6. அதில் ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரி கொடுக்கலாம்.