பதிப்பகம் இல்லாமல் தமிழில் காதல் நாவல் எழுதி நானே வெளியிட்டால் பணம் வருமா? விளம்பரம் எப்படிச் செய்வது? வீட்டுக்குத் தெரியாமல் எழுத முடியுமா?

பணம் வரும், மெதுவாக வரும். வீட்டு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். 6 வருடத்தில் 11 நாவல் எழுதியிருக்கிறேன். எல்லாமே குடும்பக் காதல் கதைகள், எல்லாமே சுபம். சம்பளத்தை விடவில்லை, விடும் அளவுக்கு இதில் வரவும் இல்லை. ஆனால் பிள்ளையின் டியூஷன் பீஸ் இதிலிருந்துதான் போகிறது.

பணம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், எழுதும் விதமே அதனால் மாறிவிடும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் என் நாவலை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கிண்டில் அன்லிமிட்டெட் என்ற சந்தா கட்டி, அதில் எடுத்து வாசிக்கிறவர்களே அதிகம். அங்கே காசு புத்தகத்துக்கு இல்லை, வாசித்த பக்கத்துக்கு. பக்கத்துக்குப் பைசாக் கணக்கு, அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். 300 பக்க நாவலை ஒருவர் எடுத்து 20-ஆம் பக்கத்தில் மூடிவிட்டால் உங்களுக்கு 20 பக்கக் கூலிதான். இது என் மண்டையில் ஏற 2 நாவல் ஆனது. அதுவரை அட்டைக்கும் டீசருக்கும் மாய்ந்து மாய்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அட்டை ஆளை வாசல் வரை கூட்டி வரும், அவ்வளவுதான்.

கிண்டிலுக்கு நாமே புத்தகம் ஏற்றும் அமேசான் தளத்துக்குக் கேடிபி என்று பெயர். இந்தச் சந்தாவில் நாவல் வர வேண்டுமென்றால் அங்கே செலக்ட் என்ற திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி கிடைப்பதும் செலக்டில் இருக்கிற புத்தகத்துக்குத்தான், இல்லாவிட்டால் 35. அந்த 90 நாளில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கவும் அனுமதி உண்டு. தொடர் கதையின் 2-ஆம் பாகம் வெளிவரும் வாரத்தில் முதல் பாகத்தை இலவசமாக விடுவேன். எனக்கு உருப்படியாகப் பலன் தந்த விளம்பரம் அது ஒன்றுதான். ஃபேஸ்புக்கில் 500 ரூபாய் கட்டி பூஸ்ட் செய்து பார்த்தேன், லைக் வந்தது, வாசகர் வரவில்லை.

எங்களில் பலர் முதலில் பிரதிலிபி என்ற கதைச் செயலியிலோ வேறு நாவல் தளங்களிலோ தொடராகப் போட்டு, முடிந்ததும் அங்கிருந்து எடுத்துவிட்டுக் கிண்டிலுக்கு வருகிறோம். எடுப்பதை ஒழுங்காகச் செய்யுங்கள். என் 3-ஆவது நாவலில் 40 அத்தியாயத்தில் பத்துப் பன்னிரண்டை நீக்க மறந்துவிட்டேன். அமேசானிலிருந்து எச்சரிக்கை மெயில் வந்து, அன்று முழுக்கக் கை நடுங்கியது. தப்பு என்னுடையதுதான்.

தொடராக எழுதுவதில் ஒரு பெரிய லாபம், எந்த இடத்தில் ஆள் கழன்றுகொள்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று கேட்கிறவர்கள் திடீரென்று மௌனமானால் அந்த அத்தியாயத்தில் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். (யூடி என்றால் அப்டேட், புது அத்தியாயம். இந்த உலகத்துக்குள் வந்தால் நீங்களும் அப்படித்தான் பேசுவீர்கள்.) தினமும் ஒன்று போட ஆசைப்படாதீர்கள். எங்கள் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் வெட்டுவார், தினமும் கத்தி வைத்தால் பால் வற்றிவிடும் என்பார். நானும் திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டேன். நாள் தவறாமல் வந்தால் வாசகர் காத்திருக்கிறார். நாள் மாறினால் அடுத்த கதைக்குப் போய்விடுகிறார், அவர் கையில் கதைக்கா பஞ்சம்?

இனி கதைக்கு வருகிறேன். என் முதல் நாவலின் நாயகன் கோயம்புத்தூர் மில் முதலாளி. அப்போது நான் திருநெல்வேலியைத் தாண்டியதில்லை. மாத நாவல்களில் வாசித்த ஞாபகத்தில் எழுதினேன். இருவரும் அவினாசி ரோட்டிலிருந்து பேசிக்கொண்டே மருதமலைக்கு நடந்துபோவதாக ஒரு காட்சி. கோவைக்கார அக்கா ஒருவர், "அவ்வளவு தூரம் நடந்தா காதல் வராதுங்க, கால் வலிதான் வரும்" என்று கமெண்ட் போட்டார். அதற்கு மட்டும் ஐம்பது பேர் சிரித்திருந்தார்கள்.

அடுத்ததை எங்கள் மாவட்டத்துத் தோவாளையில் வைத்தேன். விடியுமுன்னே கூடும் பூச்சந்தை, ஓணம் வந்தால் கேரளத்து வியாபாரிகள் வந்து இறங்குவதும் விலை ஏறுவதும், அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடக்கிக் கட்டும் மாணிக்கமாலை. நாயகி மாலை கட்டுகிற வீட்டுப் பெண், நாயகன் திருவனந்தபுரத்திலிருந்து பூ எடுக்க வருகிறவன். முதல் சண்டையே விலையில்தான். கதையில் புதுசாக ஒன்றுமில்லை, அதே மோதல், அதே கல்யாணம். ஆனால் 20-ஆம் பக்கத்தைத் தாண்டி வந்தார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம்மூர்க்காரர்கள் இன்பாக்ஸில் வந்து, அது எந்தத் தெரு, எந்தக் கடை என்று கேட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் அடுத்த நாவலை முழுக்க எங்கள் பக்கத்து விளவங்கோட்டுப் பேச்சில் எழுதினேன். சறுக்கியது. பாட்டி பேத்தியிடம் "இச்சிரி வெள்ளம் கோரிட்டு வா மக்கா" என்கிறாள். எங்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். சென்னை வாசகி ஒருவர், ஊரில் வெள்ளம் வந்தும் பாட்டி ஏன் பதறவில்லை என்று உண்மையாகவே கேட்டார். இப்போது பாட்டியும் டீக்கடைக்காரரும் மட்டும் ஊர்ப் பேச்சு பேசுவார்கள், நாயகனும் நாயகியும் பொதுத்தமிழ். எனக்கு மனசில்லைதான். பக்கம் புரள வேண்டுமே.

ஒரு காரியத்தில் மட்டும் வாசகர் கேட்டதைக் கொடுக்கவில்லை. கன்னத்தில் அறைகிற நாயகனுக்கு இன்னும் ஆதரவு இருக்கிறது, எழுதினால் ஓடும். எங்கள் பக்கம் கல்யாணம் என்றாலே எத்தனை பவுன் என்றுதான் முதல் கேள்வி. அதற்கு மேல் அடியும் வாங்குகிறவளைக் காதலி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அட்டைக்கு நடிகர் படம் போடாதீர்கள், உரிமை நமக்கில்லை. இலவசப் படத் தளங்களில் எடுக்கலாம். ஆனால் பட்டுப்புடவை மணப்பெண் அங்கே கொஞ்சம் பேர்தான், ஒரே பெண் பத்து நாவலில் பத்துப் பேரைக் கட்டியிருப்பாள். நான் கை, கொலுசு, பூக்கூடை என்று முகமில்லாமல் போட்டுவிடுவேன். கேடிபியில் 7 தேடல் சொற்கள் கொடுக்கலாம். நம் வாசகர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித்தான் தேடுவார்கள், அதனால் தலைப்பை அப்படியும் எழுதிக் கொடுங்கள். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும், பழைய பாமினி எழுத்துரு அங்கே வேலைக்கு ஆகாது. சொந்தக்காரர்களை ரிவ்யூ போடச் சொல்லாதீர்கள், விதிப்படி கூடாது, போட்டாலும் தூக்கிவிடுவார்கள்.

பிடிஎஃப் திருட்டு நடக்கும். கிண்டிலில் வந்த மறுநாளே டெலிகிராமில் பார்த்திருக்கிறேன். புகார் செய்யுங்கள், அப்புறம் அடுத்த அத்தியாயத்தை எழுதுங்கள். பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்குத்தான் காப்புரிமை. யூடியூப் ஆடியோ நாவலுக்கு யாராவது கேட்டால், ஒலி உரிமை மட்டும், இத்தனை வருடம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். அச்சு? ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் அரசிடம் இலவசமாகவே கிடைக்கும், அதை வாங்கி 100 பிரதி அடித்தேன். பாதி பரணில் இருக்கிறது, ஆனி மழையில் ஈரம் ஏறி.

சரி, வீட்டு விஷயம். புனைபெயரில் தாராளமாக வெளியிடலாம், ஆனால் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும். வரி விவரம் கேட்கும் இடத்தில் பான் எண்ணைத் தவறாமல் கொடுங்கள், அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகும். மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துப் பணம் கணக்கில் விழும். நான் கொடுத்தது ஜாயின்ட் அக்கவுண்ட். எஸ்எம்எஸ் போனது கணவரின் போனுக்கு. 3 வருட ரகசியம் 412 ரூபாயில் உடைந்தது.

அவர் சிரித்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டார். 8-ஆவது நாவலிலிருந்து மாமியாரும் வாசிக்கிறார். முத்தக் காட்சி வரும் பக்கத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்வாராம். கேட்டால், "அந்தப் பக்கத்துக்கும் உனக்குக் காசு வரும்லா மக்கா, அதான் தள்ளிவிடுதேன்" என்கிறார்.