கண்ணடியில் தங்கிய கறை

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் பீரோ கதவின் முனையில் இடித்துக்கொண்டதில் என் வலக்கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்துப்போனது. பத்து நாள்களில் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குக் கீழே விரலகலத்திற்கு ஒரு பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. அலுவலகத்தில் தினமும் ஒருவராவது விசாரிக்கிறார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார் என் மாமியார்; மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். எதைப் பூசுவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டையும் பூசாதீர்கள். சுளுக்கிய காலுக்குச் சுண்ணாம்புப் பற்றுப் போடுவது வேறு; கண்ணருகே அது ஒரு துளி உள்ளே பட்டாலும் அதன் காரத்தன்மை கருவிழியைப் பொசுக்கிவிடும். மருந்துக்கடைக் களிம்பின் உறையைப் படித்துப் பாருங்கள். நிறம் வெளுக்க விற்கப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதைக் கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் தோல் மெலிவதோடு கண் அழுத்தமும் கூடக்கூடும்.

தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தை உடல் சிதைக்கும்போது, அதிலுள்ள ஹீமோகுளோபின் முதலில் பச்சை நிறப் பொருளாகவும் பின்னர் மஞ்சள் நிறப் பொருளாகவும் மாறி, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் கரைந்துவிடுகிறது. எஞ்சும் இரும்புச்சத்தோ ஹீமோசிடெரின் என்னும் பழுப்புத் துகள்களாகச் சில மாதங்கள் வரை தங்கக்கூடும். இமைத்தோல் சுமார் அரை மில்லிமீட்டர் கனமே உள்ளதால் அது அப்படியே வெளியே தெரிகிறது. இதனுடன், அடிபட்ட இடத்தின் அழற்சியால் மெலனின் நிறமியும் கூடுதலாகச் சுரந்திருக்கலாம். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு இது சாதாரணம். இடக்கண்ணிலும் அதே நிறம் தெரிந்தால், அது அடியால் வந்ததன்று, முன்பே இருந்த கருவளையம்.

மூன்று மாதங்கள் கடந்தபின் ஒத்தடத்தால் பயனில்லை. வெயில் பட்டால் மெலனின் கறை இன்னும் கறுக்கும் என்பதால், துத்தநாக ஆக்சைடு கலந்த, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை நாள்தோறும் காலையில் பூசுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள். விசாரிப்பவர்களின் தொல்லைக்குக் கன்சீலர் பூசிக்கொள்வதில் தவறில்லை. இரவில் அதைத் தேய்க்காமல் கழுவினால் போதும். மேலும் மூன்று மாதங்களில் கறை சற்றும் மங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்; கறை இரும்பா மெலனினா என்பதைப் பொறுத்தே அவர் களிம்போ லேசரோ முடிவு செய்வார்.

பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, அந்தப் பக்கக் கன்னம் மரத்திருந்தாலோ, கண் உள்வாங்கியதுபோல் தோன்றினாலோ கண்குழி எலும்பில் முறிவு இருந்திருக்கலாம். அப்படியானால் கறையை விட்டுவிட்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.