அண்ணாச்சி பதில்கள்: காதில் கதை, காலடியில் ஊர்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, பக்கத்திலுள்ள டூபிங்கன் என்ற பழைய ஊரை வழிகாட்டி ஆள் யாரும் இல்லாமல் போனில் ஆடியோ கேட்டபடியே சுற்றி வந்தேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை.

கேள்வி: ஆள் இல்லாமல் காதில் கேட்டுக்கொண்டே ஊர் சுற்றுவது எப்படி அண்ணாச்சி? வழி தவறிவிட்டால்?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஊருக்குள் பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிஷம் பேசிப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். ஆப்பை இறக்கினால் வரைபடமும் கூடவே வரும். இதில் இரண்டு ரகம். ஒன்றில், இடத்துக்குப் போய் நின்று நாமே எண்ணை அழுத்த வேண்டும். மற்றதில், நாம் வந்து சேர்ந்ததை ஜிபிஎஸ் கண்டுகொண்டு தானாகப் பேச ஆரம்பிக்கும். இரண்டாவது சொகுசாகத் தெரியும். என் ஓட்டு முதலாவதுக்கே. பழைய ஊர்ச் சந்துகளில் இரண்டு பக்கமும் உயரமான வீடுகள். சிக்னல் சுவரில் மோதித் திரும்புவதால், நாம் அடுத்த தெருவில் நிற்பதாகப் போன் நினைத்துக்கொள்ளும். நாம் நீரூற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க, அது கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

கிளம்புவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் ஆடியோ, வரைபடம் இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் அவசியம். குளிர் காலத்தில் பேட்டரி வேகமாக இறங்கும். இன்னொன்று, ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். டூபிங்கன் மாணவர்கள் ஊர். சைக்கிள்கள் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும்.

வழி தவறினால் தவறட்டும். பழைய நகரம் கைக்கடக்கமானது. சந்து கொஞ்சம் விரிந்தால் பெரிய தேவாலயத்தின் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். அந்த ஆடியோ எல்லாம் புரியுமா?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: புரியும் அம்மா. நல்ல ஆப்களில் பேசுவது எழுத்திலும் வரும். முந்தின நாள் ராத்திரி அதை ஒருமுறை வாசித்துவிட்டால் மறுநாள் பாதி பாரம் குறையும். பேச்சின் வேகத்தைக் குறைக்கவும் வசதி உண்டு. என் வீட்டம்மா அப்படித்தான் கேட்டாள். நான் ஐந்தாவது இடத்தில் நிற்கும்போது அவள் மூன்றாவதில் நிற்பாள். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புரியாத இடம் வந்தால் தாண்டிப் போங்கள். எந்தப் பிரபு எந்தப் பிரபுவின் மகளைக் கட்டினார் என்பதெல்லாம் காதில் ஏறாவிட்டால் குடி முழுகிப் போகாது.

கேள்வி: அங்கே அப்படி என்னதான் பார்த்தீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஸ்டுட்கார்ட்டிலிருந்து உள்ளூர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெக்கர் ஆற்றுப் பாலத்தில் நின்றாலே ஊரின் முகம் தெரிந்துவிடும். ஆற்றோரம் வரிசையாகக் கூர்க்கூரை வீடுகள், நடுவே மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டைக் கோபுரம். அதில்தான் ஹோல்டர்லின் என்ற கவிஞர் 1807 முதல் 1843-இல் சாகும்வரை இருந்தார். மனநலம் குன்றி, இனி தேறமாட்டார் என்று மருத்துவமனை கைவிட்ட பிறகு, ஏர்ன்ஸ்ட் ட்ஸிம்மர் என்ற தச்சர் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டார். கவிஞரின் எழுத்தைப் படித்திருந்த தச்சர் அவர். ஹோல்டர்லினின் ஆயுளில் ஏறக்குறையப் பாதி அந்த ஆற்றங்கரையிலேயே கழிந்தது. இன்று நாம் பார்ப்பது 1875-இல் தீப்பிடித்த பிறகு திரும்பக் கட்டியது. ஆடியோவில் கவிஞருக்கு மூன்று நிமிஷம், தச்சருக்கு அரை நிமிஷம். நானாக இருந்தால் மாற்றிப் போட்டிருப்பேன்.

பல்கலைக்கழகம் 1477-இல் தொடங்கியது. வானியல் அறிஞர் கெப்ளரும் தத்துவஞானி ஹெகலும் படித்த இறையியல் விடுதி இன்னும் நடக்கிறது. மேலே கோட்டைக்கு ஏறினால், பழைய சமையல்கட்டில் ஓர் ஆய்வுக்கூடம். 1869-இல் ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர் அங்கேதான் டிஎன்ஏ என்று இன்று நாம் சொல்லும் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார். எதிலிருந்து தெரியுமா? மருத்துவமனையில் கழற்றிப்போட்ட கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து. அதே கோட்டை அருங்காட்சியகத்தில் மாமூத் என்ற, அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செதுக்கிய ஒரு குட்டிக் குதிரை இருக்கிறது. ஏறக்குறைய 40,000 வருஷப் பழசு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கால் முறிந்து போயிருந்தாலும் கழுத்தின் வளைவு அப்படியே இருக்கிறது.

ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது சந்தைச் சதுக்கம். அங்கே 1435-இல் கட்டிய நகர மன்றக் கட்டிடம். முகப்பு முழுவதும் ஓவியம். அது பின்னால் வந்தது. பல்கலைக்கழகத்தின் 400-ஆவது ஆண்டுக்காகத் தீட்டினார்கள். மேலே ஒரு வானியல் கடிகாரம். யோஹன்னஸ் ஷ்டோஃப்ளர் என்ற கணிதப் பேராசிரியர் 1511-இல் செய்தது. அதில் மணி முள்ளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சூரியனுக்கு ஒரு முள், சந்திரனுக்கு ஒரு முள், சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள். மூன்றாவதாக ஒரு முள். அதன் உருவம் பாம்பு மாதிரி நீண்ட டிராகன். ஆடியோ, ‘இது கிரகணத்தைக் காட்டும்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. நான் நிறுத்திவிட்டேன்.

நம்ம ஊரில் யாருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளை நாம் ராகு, கேது என்கிறோம். அவர்கள் டிராகனின் தலை, வால் என்கிறார்கள். சூரிய முள்ளும் சந்திர முள்ளும் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் சேர்ந்தால் சூரிய கிரகணம், எதிரெதிராக நின்றால் சந்திர கிரகணம். டிராகன் ஒரு சுற்று முடிக்க 18 வருஷத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ராகு-கேது பெயர்ச்சி ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை. பன்னிரண்டு ராசிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுக்கத்தில் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்து இந்தக் கணக்கை வீட்டம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். காய் விற்றவர் எங்களைப் பார்த்துவிட்டு, அவரும் அண்ணாந்து பார்த்தார்.

ஆடியோ நடையில் எனக்குப் பிடித்த வசதி இதுதான். கூட்டத்தோடு போயிருந்தால் கொடி பிடித்த அம்மா அதற்குள் என்னை அடுத்த தெருவுக்கு இழுத்துப் போயிருப்பார். பத்து இடத்தையும் கேட்டாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஐந்தைக் கேளுங்கள். ஓர் இடத்தில் நன்றாக நில்லுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிற ஊருக்கும் நம்ம சீமைக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இவ்வளவு பக்கம்?
— வாசகர், நாங்குநேரி

பதில்: கோபம் வேண்டாம் தம்பி, சம்பந்தம் இருக்கிறது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தை 1826-இல் கட்டிய பாதிரியார் ரேனியஸ் ஐயர் ஜெர்மன்காரர். அவருடைய கல்லறையும் பாளையங்கோட்டையில்தான். டூபிங்கனில் படித்து முனைவர் பட்டம் வாங்கிய ஹெர்மன் குண்டர்ட் என்ற இளைஞர் 1836-இல் சென்னையில் வந்து இறங்கி, அப்புறம் திருநெல்வேலிக்கு வந்து ரேனியஸோடு கொஞ்ச காலம் இருந்தார். பிறகு சித்தூர், மங்களூர், தலச்சேரி. 1872-இல் வெளிவந்த மலையாள அகராதியால் கேரளத்தில் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். தலச்சேரியில் சிலையே உண்டு. அவர் விட்டுப்போன சுவடிகளும் கையெழுத்துகளும் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் 1946-இல் இலக்கிய நோபல் வாங்கிய ஹெர்மன் ஹெஸ்ஸே. பேரன் 1895 முதல் 1899 வரை டூபிங்கனில், பெரிய தேவாலயத்துக்கு எதிரே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தார். ஆடியோ அந்தக் கடை வாசலில் நிறுத்திப் பேரனைப் பற்றி நிறையச் சொன்னது. தாத்தா தாமிரபரணிக் கரையில் இருந்ததைச் சொல்லவில்லை. அதை நான் வீட்டம்மாவிடம் சொன்னேன்.

கேள்வி: செலவு எப்படி?
— வாசகர், சுரண்டை

பதில்: ஊர் ஊருக்கு மாறும். இலவச ஆடியோவும் உண்டு, சில யூரோ கேட்பதும் உண்டு. எப்படியும் ஆள் வைத்துச் சுற்றுவதைவிட மலிவு. கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு. தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வந்துவிடும். டூபிங்கனில் இன்னொன்று: 2022 முதல், தூக்கியெறியும் கோப்பையில் காபி வாங்கினால் அதற்கு 50 சென்ட் நகராட்சி வரி. கடைக்காரர் அதை நம் தலையில்தான் கட்டுவார். உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் குடியுங்கள், காலுக்கும் ஓய்வு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. கூட்டிக்கொண்டு போகலாமா?
— வாசகி, வள்ளியூர்

பதில்: தாராளமாக. ஆனால் கல் பாவிய தெரு, மேடு பள்ளம், மழை பெய்தால் வழுக்கல். செருப்பு ஆகாது, பழகிய ஷூ வேண்டும். புது ஷூவை வாங்கி அன்றைக்கே மாட்டிவிடாதீர்கள். கோட்டைக்கு ஏறும் வழி செங்குத்து. அதை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அம்மாவை ஆற்றுத் தீவில் உட்கார வையுங்கள். ஏறக்குறைய 200 வருஷ பிளேன் மரங்கள் இரண்டு வரிசையாக நிற்கும், பெஞ்சுகள் உண்டு. நீளமான மரப் படகுகளை மாணவர்கள் கழியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதில் போட்டி நடக்கும். தோற்ற அணி மீன் எண்ணெய் குடித்தாக வேண்டும். நம்ம காலத்து அம்மாக்களுக்கு இந்தத் தண்டனை நன்றாகவே புரியும்.

கேள்வி: காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மௌனச் சாமியார் மாதிரி நடப்பதற்குப் பெயர் பயணமா? நாலு பேரிடம் வாயைத் திறந்து கேட்டால் ஆகாதா?
— வாசகர், தென்காசி

பதில்: குற்றாலச் சாரல் நேரத்திலும் உங்களுக்கு இவ்வளவு சூடா! கேளுங்கள், யார் தடுத்தது? மியூன்ஸ் காஸே என்ற தெருவில் ஒரு வீட்டில் ‘கதே இங்கே தங்கினார்’ என்று பலகை இருக்கிறது. கதே பெரிய ஜெர்மன் கவிஞர், 1797-இல் பதிப்பாளர் கோட்டாவின் விருந்தாளியாக வந்தவர். நான் கேட்ட ஆடியோ அதோடு முடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டைப் பார்க்கச் சொன்னது என் மாப்பிள்ளை. அது மாணவர் விடுதி. ‘கதே இங்கே வாந்தி எடுத்தார்’ என்று ஒரு பலகை! மாணவர்கள் என்றால் எல்லா ஊரிலும் ஒரே ஜாதிதான்.

ஆகவே ஆளும் வேண்டும், ஆடியோவும் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை எல்லாம் அடைத்து, தெருவில் ஈ காக்கை இல்லாதபோது நீங்கள் யாரிடம் கேட்பீர்கள்?

கேள்வி: நெல்லை டவுனுக்கு இப்படி ஒரு தமிழ் ஆடியோ நடை நானும் என் நண்பர்களும் செய்யலாம் என்று இருக்கிறோம். ஆலோசனை சொல்லுங்கள் அண்ணாச்சி.
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி டவுன்

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றதுக்கெல்லாம் பதில் எழுதினேன் தாயீ.

எழுதுவதற்கு முன் நடங்கள். நான்கு ரத வீதிகளையும் ஒரே மூச்சில் சேர்க்க வேண்டாம். ஏழெட்டு இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் முதல் வாக்கியம் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதாகவே இருக்கட்டும். ‘தேரை முதுகுக்குப் பின்னால் விட்டு நில்லுங்கள், கோபுரத்தின் இரண்டாம் நிலையைப் பாருங்கள்’ என்கிற மாதிரி. கண்ணுக்கு எதிரே இல்லாததைப் பற்றி நீளமாகப் பேசக் கூடாது. வருஷம் வேண்டும், ஆனால் ஒரு இடத்துக்கு ஒன்று. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்துக்கு ‘1647, வடமலையப்ப பிள்ளையன்’ என்றால் போதும், அவருடைய வம்சாவளி வேண்டாம். பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் ஹெட்போன் வேண்டாம். உள்ளே பார்க்க வேண்டியதை வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். இசைத் தூண் இருக்கும் இடத்தில் ஆடியோ பேசினால் அதைவிட அபத்தம் இல்லை.

அப்புறம், குரல். செய்தி வாசிக்கிற தமிழ் வேண்டாம், ‘ஏலே, வாலே’ என்று சினிமா நெல்லைத் தமிழும் வேண்டாம். உன் அத்தை ஊரிலிருந்து வந்தால் எப்படிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாயோ அப்படிப் பேசு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் பதிவை எனக்கு அனுப்பி வை. காலை ஆறு மணிக்கு, பஸ் இரைச்சல் தொடங்குமுன், வாகையடி முக்கிலிருந்து கேட்டுக்கொண்டே நடந்து பார்க்கிறேன். எங்கே இழுக்கிறது, எங்கே வழி புரியவில்லை என்று சிவப்பு மையில் குறித்து அனுப்புவேன். வாத்தியார் கை, தாராளமாகத்தான் சுழிக்கும்.