ஸ்பானிஷுக்குத் தமிழ் வழியாகப் போகலாம்

டெல்லியில் ஐந்து வருடம் ஸ்பானிஷ் படித்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் சொல்லிக்கொடுக்கிறேன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டார்கள்.

பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தேன். அது கைகொடுக்குமா? (முத்தியால்பேட்டை மாணவி)

கைகொடுக்கும், காலையும் வாரும். இரண்டும் லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள், அதனால் நிறைய சொற்கள் பார்த்த முகமாக இருக்கும். ஆனால் பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கிப் பழகிய வாய், ஸ்பானிஷிலும் விழுங்கப் பார்க்கும். இங்கே ஹெச் தவிர அநேகமாக எல்லா எழுத்தையும் உச்சரிக்க வேண்டும்.

நான் தமிழ் மீடியம் சார். இங்கிலீஷே தகராறு. எனக்கு வருமா? (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பி, உங்களுக்குத்தான் சீக்கிரம் வரும். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ‘மே’தான் ‘எனக்கு’. ஆங்கிலத்திலேயே யோசிக்கிற பிள்ளைகள் ‘நான்’ என்று ஆரம்பித்துத் தடுக்கி விழும் இடம் இது. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். நம்மைப் போலவே வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடும், ‘நான்’, ‘நாங்கள்’ தேவையில்லை. நீ, நீங்கள் போல ‘தூ’, ‘உஸ்தெத்’ உண்டு. மேசைக்கு ‘மெசா’, நம் மேசை போர்த்துகீசியத்திலிருந்து வந்தது, அது ஸ்பானிஷின் அக்கா தங்கை மொழி.

கஷ்டம் வேறு இடத்தில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான். அப்புறம் ‘செர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு ‘இரு’. ‘களைப்பாக இருக்கிறேன்’ என்பதற்கு எஸ்தார். சரி, ‘இருக்கிறேன்’ வந்தால் எஸ்தார் என்று நினைத்தால், ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்பதற்கு செர்! நானே ஒரு வருடம் குழம்பினேன்.

மகளை பி.ஏ. ஸ்பானிஷ் சேர்க்கலாமா? வேலை? (நெல்லித்தோப்பு, ஒரு அப்பா)

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் (ஜே.என்.யூ.), ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகமான இஃப்லுவிலும் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.என்.யூ.வுக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். வெளியூர் அனுப்ப மனமில்லையென்றால் இங்கேயே பி.காம். படிக்கட்டும், கூடவே டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு எழுதட்டும். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படி, சான்றிதழ் காலாவதி ஆகாது. ஆனால் நான்காம் படியான பி2 வரை ஏறாமல் வேலை பற்றிப் பேச வேண்டாம். மொழியோடு கணக்கோ வேறு தொழிலோ தெரிந்த பெண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

ஸ்பெயின் உச்சரிப்பா, மெக்சிகோவா?

யாரிடம் பேசப் போகிறீர்களோ அது. கலக்காமல் இருந்தால் போதும்.

கலாச்சாரப் பாடத்தில் என்ன இருக்கும்? (கடலூர் முதுநகர்)

எனக்குப் பிடித்தது மெக்சிகோவின் இறந்தோர் நாள், நவம்பர் 1, 2. இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்து, துலுக்கச் சாமந்தி தூவுவார்கள். நம் ஊர்க் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2தான். படையலோ அமாவாசையை நினைவூட்டும். அந்தச் சாமந்தியே மெக்சிகோ மண்ணின் செடி. மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு வருடத்தில் பேசிவிடலாமா?

தினமும் ஒரு மணி நேரம் வாய்விட்டுப் பழகினால் கடையில் பேரம் பேசலாம். கியூபாக்காரர் போனில் பேசினால்? சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள். இப்போதும் நான் “இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்றுதான் கேட்கிறேன்.