சீரம் ஏன் சிவக்கிறது?

கேள்வி: தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் பயிற்சியில் இருக்கிறேன். நான் எடுக்கும் ரத்தத்தில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அடிக்கடி சிவந்துவிடுகிறது என்று லேபில் திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே தவறு?

பதில்: சிவப்பணுக்கள் உடைகின்றன. பெரும்பாலும் சிரிஞ்ச் பிஸ்டனை வெடுக்கென்று இழுப்பதுதான் வினை, நிதானமாக இழுங்கள். 21 கேஜ் (தடிமன் அளவு) ஊசி போதும். ஸ்பிரிட் தடவிய இடம் தானாகக் காய 30 விநாடியாவது விடுங்கள். ஊதக் கூடாது! கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல், 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ரத்தம் பற்றாதபோது அதிலிருந்து சீரத்துக்கான சிவப்பு மூடிக் குழாய்க்கு ஊற்றிச் சமாளிக்கிறவர்களும் உண்டு. ஈடிடிஏ கலந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். அதற்கு மறுபடி குத்துவதே மேல்.